தலையின் கொண்ணிலையும் உடற் சமநிலையும் மூளையின் தொழிற்பாடும்

(க.பொ.த. சாதாரண தரம் – சுகாதாரமும் உடற்கல்வியும், விஞ்ஞானம் ஆகிய இரு பாடங்களுக்கும் பயன்படும் துணைப்பாடம்)

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள்,
• உடற் சமநிலையைப் பேணும் மூன்று புலன் வழிகளைப் பெயரிடுவீர்கள்.
• தலை குனியும்போது கழுத்தின் சுமை கூடுவதை விசைத் திருப்பத்தின் மூலம் விளக்குவீர்கள்.
• தலையின் நிலை மாறும்போது சமநிலை ஏன் பாதிக்கப்படுகிறது என்பதைக் கூறுவீர்கள்.
• மூளை ஒரே நேரத்தில் சமநிலையையும் சிந்தனையையும் கவனிக்கும்போது நிகழ்வதைச் செயற்பாடு ஒன்றின் மூலம் காட்டுவீர்கள்.
• படிக்கும்போது தலையை எவ்வாறு வைத்திருப்பது என்பதைக் காரணத்துடன் விளக்குவீர்கள்.

1. அறிமுகம்

அன்பான மாணவர்களே, பாடத்தைத் தொடங்குமுன் ஒரு சிறு வேலை செய்யுங்கள். சுவருக்கு அருகில் ஒற்றைக் காலில் நில்லுங்கள். நிமிர்ந்து நேரே பாருங்கள். இது இலகுவாக இருக்கும். அப்படியே நின்றுகொண்டு 100இலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லுங்கள்: 93, 86, 79… இப்போது உடல் சிறிது ஆடும், அல்லது கணக்குத் தடக்கும். அடுத்ததாகத் தலையை அண்ணாந்து முகட்டைப் பார்த்துக்கொண்டு அதே கணக்கைச் சொல்லிப் பாருங்கள். பலர் சில செக்கன்களுக்குள் மறுகாலையும் நிலத்தில் ஊன்றி விடுவர்.

கால் அதே கால்தான், கணக்கும் அதே கணக்குத்தான். மாறியது தலையின் நிலை மட்டுமே. அப்படியாயின் தலையின் நிலைக்கும் உடலின் சமநிலைக்கும் சிந்தனைக்கும் இடையே ஒரு தொடர்பு இருக்கவேண்டும். அத்தொடர்பு யாது என்பதே இப்பாடத்தின் வினா.

அம்மன் கோவில் திருவிழாவில் கரகம் ஆடுபவரை அவதானித்திருப்பீர்கள். கால்கள் விரைவாக அசையும், உடல் சுழலும். ஆனால் தலை மட்டும் இயன்றவரை மட்டமாகவே இருக்கும். கிணற்றடியிலிருந்து தலையில் குடம் சுமந்து வருபவரும் அவ்வாறே நடப்பார். கரகமோ குடமோ விழாதிருப்பதற்காக அவர்கள் தலையை அசையாது வைத்திருக்கிறார்கள். அதே செயல் அவர்களின் உடற் சமநிலைக்கும் உதவுகிறது. எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

2. கொண்ணிலையும் சமநிலையும்

நிற்றல், இருத்தல், படுத்தல், நடத்தல் போன்றவற்றின்போது உடலின் பகுதிகள் ஒன்றுக்கொன்று அமைந்திருக்கும் விதமே கொண்ணிலை எனப்படும். உடலின் புவியீர்ப்பு மையத்திலிருந்து கீழ்நோக்கி வரையப்படும் நிலைக்குத்துக்கோடு தாங்குதளத்தினுள் விழும்வரை உடல் சமநிலையில் இருக்கும். தாங்குதளம் அகலமாயின் சமநிலை கூடும், ஒடுங்கினால் குறையும். இரு கால்களையும் அகட்டி நிற்பதை விட ஒற்றைக் காலில் நிற்பது கடினமாவது இதனாலேயே.

வளர்ந்த ஒருவரின் தலை ஏறத்தாழ 4.5 தொடக்கம் 5.5 கிலோகிராம் வரை நிறையுடையது. இந்நிறை உடலின் மிக உயரமான இடத்தில், ஏழு கழுத்து முள்ளென்புகளின் மேல் அமைந்துள்ளது. ஆகவே தலை சிறிது முன்னே சாய்ந்தாலும் அதன் விளைவைக் கழுத்துத் தசைகள் உடனே உணரும்.

கணித்தல் உதாரணம்:

தலையின் நிறையை 5 கிலோகிராம் எனவும், ஈர்ப்பினாலான ஆர்முடுகலை 10 எனவும் கொள்வோம். (கீழே தரப்படும் தூரங்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை.)

தலையின் நிறை விசை = 50 நியூற்றன்

தலை நிமிர்ந்திருக்கும்போது, கழுத்து மூட்டிலிருந்து இவ்விசையின் தாக்கக்கோட்டுக்கான செங்குத்துத் தூரம் 2 சென்ரிமீற்றர் எனின்,
விசையின் திருப்பம் = 50 × 0.02 = 1 நியூற்றன் மீற்றர்

தலை குனிந்து அத்தூரம் 10 சென்ரிமீற்றராகும்போது,
விசையின் திருப்பம் = 50 × 0.10 = 5 நியூற்றன் மீற்றர்

தலை முன்னே விழாதிருக்க வேண்டுமாயின், கழுத்தின் பின்புறத் தசைகள் இதற்குச் சமனான எதிர்த் திருப்பத்தைக் கொடுக்கவேண்டும். அத்தசைகள் மூட்டிலிருந்து 5 சென்ரிமீற்றர் பின்னே இழுப்பதாகக் கொண்டால், முதலாவது நிலையில் 20 நியூற்றன் விசையும் இரண்டாவது நிலையில் 100 நியூற்றன் விசையும் தேவை. தலையின் நிறை மாறவில்லை. தசையின் வேலை மட்டும் ஐந்து மடங்காகிவிட்டது.

2014ஆம் ஆண்டில் அமெரிக்க முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் கென்னத் ஹன்ஸ்ராஜ் ஒரு கணினி மாதிரியுருவின் மூலம் இதனைக் கணித்து வெளியிட்டார். அதன்படி கழுத்து முள்ளந்தண்டு தாங்கும் சுமை பின்வருமாறு:

நிமிர்ந்த நிலை – ஏறத்தாழ 5 கிலோகிராம்
15 பாகை குனிவு – ஏறத்தாழ 12 கிலோகிராம்
30 பாகை குனிவு – ஏறத்தாழ 18 கிலோகிராம்
45 பாகை குனிவு – ஏறத்தாழ 22 கிலோகிராம்
60 பாகை குனிவு – ஏறத்தாழ 27 கிலோகிராம்

இவை மாதிரியுருவில் கணிக்கப்பட்ட பெறுமானங்கள். உயிருள்ள ஒருவரின் கழுத்தில் அளந்தவை அல்ல. எனினும் குனிவு கூடச் சுமை கூடும் என்ற போக்கு, மேலே நாம் செய்த கணக்குடன் பொருந்துகிறது. மடியில் வைத்த கையடக்கத் தொலைபேசியைப் பார்க்கும்போது உங்கள் தலை எத்தனை பாகை குனிகிறது என்பதை நண்பர் ஒருவரைக் கொண்டு பாகைமானியால் அளந்து பாருங்கள்.

3. சமநிலைக்கான மூன்று தகவல் வழிகள்

உடல் எந்நிலையில் உள்ளது என்பதை மூளை மூன்று வழிகளால் அறிகிறது.

(அ) கண் – சுற்றுப்புறத்தில் நிலைக்குத்தானவை எவை, கிடையானவை எவை, நாம் அசைகிறோமா என்பவற்றைத் தருகிறது.
(ஆ) உட்செவி – தலையின் சாய்வையும் சுழற்சியையும் உணர்கிறது.
(இ) தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள வாங்கிகள் – உறுப்புகள் எவ்வாறு மடிந்துள்ளன, பாதம் எங்கே அழுத்தப்படுகிறது என்பவற்றைத் தெரிவிக்கின்றன. கழுத்தின் பின்புறத்தில் மண்டையோட்டின் அடியிலுள்ள சிறு தசைகளில் இவ்வாங்கிகள் மிக நெருக்கமாக உள்ளன.

இம்மூன்றிலிருந்தும் வரும் கணத்தாக்கங்கள் மூளைத்தண்டையும் மூளியையும் அடைகின்றன. மூளி அவற்றை ஒப்பிட்டுத் தசைகளின் இயக்கத்தை இயைபாக்குகிறது. மனித மூளையில் உள்ள ஏறத்தாழ 8600 கோடி நரம்புக் கலங்களில் ஐந்தில் நான்கு பங்கு மூளியிலேயே உள்ளன.

இங்கு ஒன்றைக் கவனியுங்கள். மூன்று வழிகளில் கண்ணும் உட்செவியும் தலையிலேயே உள்ளன. மூன்றாவது வழியின் முக்கிய பகுதி கழுத்தில் உள்ளது. ஆகவே தலையின் நிலை மாறினால் மூன்று வழிகளிலும் வரும் தகவல்கள் ஒரே நேரத்தில் மாறும். உட்செவி தலையின் நிலையை மட்டுமே அறியும், உடலின் நிலையை அறியாது. தலை மட்டும் சாய்ந்ததா, முழு உடலும் சாய்ந்ததா என்பதை வேறுபடுத்துவதற்கு மூளைக்குக் கழுத்திலிருந்து வரும் தகவல் கட்டாயம் தேவை.

4. உட்செவியின் அமைப்பு

உட்செவியில் கேட்டலுக்கான நத்தைச்சுருளும், சமநிலைக்கான பகுதியும் உள்ளன. சமநிலைப் பகுதியில் இரு வகை அமைப்புகள் காணப்படும்.

அரைவட்டக் கால்வாய்கள்: ஒவ்வொரு செவியிலும் மூன்று உள்ளன. இவை ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் செங்குத்தாக அமைந்துள்ளன. தலை சுழலும்போது கால்வாயிலுள்ள பாய்பொருள் உடனே சுழலாது பின்தங்குவதால் மயிர்க்கலங்கள் வளைந்து கணத்தாக்கம் உண்டாகிறது. நீண்ட நேரம் சுழன்றுவிட்டு நின்றதும் உலகம் சுற்றுவது போலத் தோன்றுவது ஏன்? தலை நின்றபின்னும் பாய்பொருள் தொடர்ந்து அசைவதனாலாகும். இது பாய்பொருளின் சடத்துவத்தின் விளைவு.

இரு சிறு பைகள்: இவற்றினுள் மயிர்க்கலங்களின் மேல் ஒரு கூழ்ப்படையும், அதன்மேல் கல்சியம் காபனேற்றுப் பளிங்குகளும் உள்ளன. தலை சாயும்போது பளிங்குகளின் நிறையால் கூழ்ப்படை சரிந்து மயிர்க்கலங்களை வளைக்கும். இதனால் புவியீர்ப்பின் திசையும் நேர்கோட்டு ஆர்முடுகலும் உணரப்படும். பேருந்து திடீரெனப் புறப்படும்போது கண்ணை மூடியிருந்தாலும் நீங்கள் அதை அறிவது இப்பைகளின் உதவியாலும் ஆகும்.

5. றொபேட் பாரானியின் கண்டுபிடிப்பு

வியன்னா நகரின் செவி மருத்துவர் றொபேட் பாரானி, நோயாளரின் செவிக்குள் நீர் செலுத்திக் கழுவும்போது சிலருக்குத் தலைசுற்றுவதையும் அவர்களின் கண்கள் இருபக்கமும் துடிப்பதையும் அவதானித்தார். நீர் குளிராக இருந்தபோது கண்கள் ஒரு திசையிலும், சூடாக இருந்தபோது எதிர்த் திசையிலும் துடித்தன. உடல் வெப்பநிலையில் இருந்த நீர் இவ்விளைவைத் தரவில்லை.

இதற்கு அவர் மேற்காவுகையைக் காரணமாகக் காட்டினார். நீங்கள் வெப்ப இடமாற்றப் பாடத்தில் கற்றது போல, வெப்பமான பாய்பொருள் மேலெழும், குளிர்ந்தது கீழிறங்கும். செவிக் கால்வாயினுள்ளும் இவ்வாறு ஓட்டம் உண்டாகிறது என்றார். அது உண்மையாயின் தலையின் நிலையை மாற்றினால் ஓட்டத்தின் விளைவும் மாறவேண்டும். அவர் நோயாளரின் தலையின் நிலையை மாற்றிப் பார்த்தபோது கண் துடிப்பின் திசையும் மாறியது. உட்செவி பற்றிய ஆய்வுகளுக்காக 1914ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அச்செய்தி வந்தபோது அவர் முதலாம் உலகப் போரில் ரஷ்யப் படையினரிடம் போர்க் கைதியாக இருந்தார்.

1983ஆம் ஆண்டு விண்வெளி ஆய்வுகூடத்தில், மேற்காவுகை நிகழாத நிறையற்ற நிலையில் இச்சோதனை செய்யப்பட்டபோதும் கண் துடிப்பு உண்டானது. எனவே மேற்காவுகை ஒரு காரணமே, அது மட்டுமே காரணம் அல்ல என்பது தெரிந்தது. விஞ்ஞான விளக்கம் ஒன்று புதிய அவதானிப்பால் திருத்தப்படுவதற்கு இது நல்ல உதாரணம்.

6. செயற்பாடு 1 – புத்தகமும் தலையும்

இப்புத்தகத்தை ஒரு கை நீளத்தில் பிடியுங்கள். தலையை அசைக்காது, புத்தகத்தை இடம் வலமாக விரைவாக ஆட்டி ஒரு வரியை வாசியுங்கள். எழுத்துகள் மங்கலாகத் தெரியும். இப்போது புத்தகத்தை அசைக்காது, தலையை அதே விரைவில் ஆட்டி வாசியுங்கள். எழுத்துகளை வாசிக்க முடியும்.

காரணம்: தலை ஆடும்போது உட்செவியிலிருந்து வரும் கணத்தாக்கம் ஏறத்தாழ 10 மில்லிசெக்கனுக்குள் கண் தசைகளை எதிர்த் திசையில் திருப்புகிறது. இது ஒரு தெறிவினை. புத்தகம் ஆடும்போது உட்செவிக்குத் தகவல் இல்லை. கண் பார்த்தபின்பே பின்தொடர வேண்டும். அதற்கு ஏறத்தாழப் பத்து மடங்கு நேரம் செல்லும்.

7. தலையின் மூன்று நிலைகளும் சமநிலையும்

நிமிர்ந்த நிலை: பளிங்குகளைக் கொண்ட பைகள் தமக்கு மிகவும் பழகிய வீச்சில் தொழிற்படும். சிறு சாய்வும் செம்மையாக உணரப்படும். கழுத்துத் தசைகளின் வேலையும் குறைவு.

அண்ணாந்த நிலை: பைகள் வழக்கமான வீச்சுக்கு வெளியே செல்வதால் தகவலின் செம்மை குறையும். கண்ணுக்கு அருகிலுள்ள நிலமும் சுவர்களும் மறைந்து தூரத்து வானமோ முகடோ மட்டும் தெரியும். உடலின் ஆட்டம் கூடும். கண்ணையும் மூடினால் மேலும் கூடும். ஏணியில் நின்று அண்ணாந்து மின்குமிழ் மாற்றுவது ஆபத்தாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

குனிந்த நிலை: புவியீர்ப்பு மையம் முன்னோக்கி நகரும். கழுத்துத் தசைகள் தொடர்ந்து சுருங்கியிருக்க வேண்டும். நீண்ட நேரம் சென்றால் தசைகள் களைப்படையும். களைத்த கழுத்துத் தசைகளின் வாங்கிகள் தரும் தகவலும் செம்மை குறையும். எனவே நீண்ட நேரம் குனிந்திருந்துவிட்டுத் திடீரென எழுந்தால் சிலருக்குத் தடுமாற்றம் ஏற்படலாம். (எழும்போது குருதியமுக்கம் சிறிது நேரம் குறைவதும் இதற்கு மற்றொரு காரணம்.)

8. ஒரு மூளை, இரு வேலைகள்

சமநிலை பேணப்படுவது பெரும்பாலும் நாம் அறியாமலே நிகழ்கிறது. ஆயினும் அது முற்றிலும் கவனமின்றி நிகழ்வதல்ல. தாங்குதளம் ஒடுங்கும்போதும், புலன் தகவல் குறையும்போதும் மூளையம் அதற்குக் கவனம் கொடுக்க வேண்டியுள்ளது. கவனம் அளவுக்குட்பட்டது. சமநிலைக்கு அதிகம் செலவானால் கணக்குக்குக் குறைவாகவே மிஞ்சும்.

1997ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் முதியோர் 58 பேரை அவதானித்தனர். நடந்துகொண்டிருக்கும்போது அவர்களுடன் பேச்சுக் கொடுக்கப்பட்டது. 12 பேர் பதில் சொல்வதற்காக நடையை நிறுத்தினர். அடுத்துவந்த ஆறு மாதங்களில் இந்த 12 பேரில் 10 பேர் விழுந்தனர். நடப்பதற்கே முழுக் கவனமும் தேவைப்படுபவர், பேச்சு என்ற இரண்டாவது வேலை வந்ததும் ஒன்றை நிறுத்த வேண்டியவராகிறார். இதனை அறிந்த நீங்கள், அம்மம்மா படியிறங்கும்போது பின்னாலிருந்து கேள்வி கேட்காதீர்கள். அவர் இறங்கி நின்றபின் கேளுங்கள்.

உங்களைப் போன்ற இளவயதினரில் இவ்விளைவு சிறியது. மிக இலகுவான வேலையைக் கொடுத்தால் உடலின் ஆட்டம் சற்றுக் குறைவதும் உண்டு. வேலை கடினமாகும்போதும், நிற்கும் நிலை கடினமாகும்போதுமே இழப்புத் தெளிவாகத் தெரியும்.

செயற்பாடு 2 – தலையின் நிலையும் கணக்கும்

(பாதுகாப்பு: சுவருக்கு அருகில் நில்லுங்கள். நண்பர் ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டும். தலைசுற்று, கழுத்து நோ உள்ளவர்கள் இதனைச் செய்யவேண்டாம்.)

படி 1: கதிரையில் அமர்ந்து 20 செக்கன்களில் 100இலிருந்து ஏழு ஏழாகச் சரியாகக் கழித்த தடவைகளைக் குறியுங்கள்.
படி 2: ஒற்றைக் காலில் நின்று, தலை நிமிர்ந்த நிலையில் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு எண்ணில் தொடங்குங்கள். அல்லாவிடின் விடைகள் மனப்பாடமாகிவிடும்.
படி 3: ஒற்றைக் காலில் நின்று, தலை அண்ணாந்த நிலையில் செய்யுங்கள்.
படி 4: ஒவ்வொன்றையும் மூன்று முறை செய்து சராசரி காணுங்கள். கால் நிலத்தில் ஊன்றிய தடவைகளையும் எண்ணுங்கள்.

படி 2ஐயும் படி 3ஐயும் ஒப்பிடும்போது சாரா மாறி தலையின் நிலையாகும். சார்ந்த மாறிகள் சரியான கழித்தல்களின் எண்ணிக்கையும் கால் ஊன்றிய தடவைகளும் ஆகும். மாறாது பேணவேண்டியவை: அதே கால், அதே தரை, அதே நேரம், கணக்கின் கடினம். எல்லோரும் படி 3ஐ இறுதியில் செய்தால் களைப்பினால் ஏற்பட்ட விளைவையும் தலையின் விளைவெனத் தவறாகக் கொள்வோம். எனவே மாணவருக்கு மாணவர் ஒழுங்கை மாற்றுங்கள்.

9. மூளையலைகள் கூறுவது என்ன?

மூளையின் நரம்புக் கலங்களின் மின்தொழிற்பாட்டைத் தலைத்தோலில் மின்வாய்களை வைத்துப் பதியலாம். ஜேர்மன் மருத்துவர் ஹான்ஸ் பேர்கர் 1924ஆம் ஆண்டில் மனிதரில் முதன்முதலாக இதனைப் பதிந்து, 1929ஆம் ஆண்டில் வெளியிட்டார். கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது செக்கனுக்கு 8 தொடக்கம் 13 தடவை எழும் அல்பா அலைகள் தெளிவாகத் தெரியும். கண்ணைத் திறந்தாலோ மனக்கணக்கில் ஈடுபட்டாலோ அவை குறையும்.

படுத்திருக்கும்போதும் நிமிர்ந்து அமர்ந்திருக்கும்போதும் பதியப்படும் அலைகள் ஒரே மாதிரி இருப்பதில்லை. இதிலிருந்து “நிமிர்ந்தால் மூளை நன்றாக வேலை செய்கிறது” என உடனே முடிவுசெய்யலாமா? முடியாது. இதற்குக் காரணங்கள் இரண்டு.

முதலாவது, தலையின் நிலை மாறும்போது மூளையைச் சூழ்ந்துள்ள மூளைய முண்ணாண் பாய்பொருளின் படையின் தடிப்பு இடத்துக்கிடம் சிறிது மாறும். இப்பாய்பொருள் மின்னைக் கடத்துவதால், மூளையின் தொழிற்பாடு மாறாவிடினும் பதியப்படும் அலையின் உயரம் மாறலாம். இரண்டாவது, கழுத்துத் தசைகள் சுருங்கும்போதும் மின் உண்டாகும். குனிந்த நிலையில் அத்தசைகளின் மின் மூளையலைப் பதிவுடன் கலந்துவிடும். எனவே ஆய்வாளர் இவை இரண்டையும் பிரித்தறிந்த பின்பே மூளையைப் பற்றி முடிவுகூற வேண்டும்.

10. தவறான கருத்துகளைத் திருத்துவோம்

தவறு: “தலை குனிந்தால் மூளைக்குக் குருதி போகாது.”
திருத்தம்: உடல் நிறையில் ஏறத்தாழ 2 சதவீதமேயான மூளை, ஓய்வு நிலையில் உடல் பயன்படுத்தும் சக்தியில் ஏறத்தாழ 20 சதவீதத்தைப் பயன்படுத்துகிறது. இத்தேவைக்கேற்ப மூளை தனது குருதிக் கலன்களை ஒடுக்கியும் விரித்தும் குருதியோட்டத்தைப் பெரிதும் மாறாது பேணுகிறது. சுகதேகியான மாணவர் குனிந்து எழுதுவதால் அது நின்றுவிடாது.

தவறு: “நிமிர்ந்து இருந்தால் புள்ளி தானாகக் கூடும்.”
திருத்தம்: படிக்காத பாடத்தைக் கொண்ணிலை தராது. கதிரையில் அமர்ந்திருக்கும்போது தாங்குதளம் அகலமாதலால் சமநிலைக்காகச் செலவாகும் கவனமும் மிகக் குறைவே. ஆனால் கழுத்து நோவும் தலையிடியும் கவனத்தைப் பங்குபோடும். இரண்டாவது மணித்தியாலத்தில் கழுத்தைத் தடவிக்கொண்டு வினாவை மூன்றுமுறை வாசிப்பவர் இழப்பது அந்தக் கவனத்தையே. நல்ல கொண்ணிலையால் நாம் பெறும் நன்மை இந்த இழப்பைத் தவிர்ப்பதே.

11. படிக்கும் மேசையில்

(1) பாதங்கள் இரண்டும் நிலத்தில் படியட்டும். எட்டாவிடின் கீழே பலகைத் துண்டு ஒன்றை வையுங்கள்.
(2) முன்னங்கைகளை மேசையில் ஊன்றுங்கள். தோள்களின் சுமை குறையும்.
(3) வாசிக்கும் புத்தகத்தைச் சாய்வாக உயர்த்துங்கள். இதற்கெனப் பொருள் வாங்கத் தேவையில்லை. நாலைந்து தடித்த புத்தகங்களை அடுக்கி அதில் சாய்த்து வைக்கலாம். புத்தகம் உயர்ந்தால் தலை குனிவது குறையும்.
(4) எவ்வளவு நல்ல கொண்ணிலையாயினும் அசையாது நீண்ட நேரம் இருக்கவேண்டாம். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது எழுந்து தோளையும் கழுத்தையும் மெதுவாக அசையுங்கள்.
(5) யோசிக்கும்போது தாளிலிருந்து பார்வையை எடுத்துச் சற்று நிமிர்வது சோம்பல் அல்ல. கடினமான வினாவுக்கு விடை தேடும்போது மனிதர் இயல்பாகவே பார்வையை விலக்குகின்றனர். ஆயினும் பரீட்சை மண்டபத்தில் பக்கத்து மேசையை நோக்கித் திரும்பாது நேரே நிமிருங்கள்.

இவ்விடத்தில் ஒரு விடயத்தைச் சொல்லவேண்டும். எனது வகுப்பில் ஒரு மாணவி மூக்கு கொப்பியில் முட்டுமளவுக்குக் குனிந்து எழுதுவார். “நிமிர்ந்து இரு பிள்ளை” என்று ஒரு தவணை முழுவதும் கண்டித்தேன். அவர் நிமிர்வார், ஐந்து நிமிடத்தில் மீண்டும் குனிவார். பின்னர் கண் பரிசோதனையில் கடுமையான குறும்பார்வை எனத் தெரியவந்தது. மூக்குக்கண்ணாடி அணிந்த பின்னர் யாரும் சொல்லாமலே நிமிர்ந்துவிட்டார். கண்ணுக்குத் தெரிய வேண்டிய இடத்துக்கே தலை செல்லும். ஆகவே உங்கள் தலை எப்போதும் தாளை நோக்கி இறங்குமாயின், கரும்பலகை எழுத்து மங்கலாயின், அதனை மறைக்காது வீட்டில் சொல்லுங்கள். கண்டித்த ஆசிரியருக்கும் சொல்லுங்கள். கழுத்து நோ, தலைசுற்று, கைவிறைப்பு என்பன தொடர்ந்தால் வைத்தியரை நாடவேண்டும்.

12. பயிற்சி வினாக்கள்

பகுதி 1 – மிகப் பொருத்தமான விடையைத் தெரிவுசெய்க.

1. தசைகளின் இயக்கத்தை இயைபாக்கிச் சமநிலையைப் பேணும் பிரதான மூளைப் பகுதி
(1) மூளையம் (2) மூளி (3) நீள்வளைய மையவிழையம் (4) முண்ணாண்

2. தலையின் சுழற்சியை உணர்வது
(1) செவிப்பறை (2) நத்தைச்சுருள் (3) அரைவட்டக் கால்வாய்கள் (4) நடுச்செவிச் சிற்றென்புகள்

3. 50 நியூற்றன் நிறை விசை, மூட்டிலிருந்து 8 சென்ரிமீற்றர் செங்குத்துத் தூரத்தில் தாக்குகிறது. அதன் திருப்பம் (நியூற்றன் மீற்றரில்)
(1) 0.4 (2) 4 (3) 40 (4) 400

4. சுழன்று நின்றபின் தலைசுற்றுவதற்குக் காரணம்
(1) கண் களைப்படைதல் (2) கால் தசைகள் தளர்தல் (3) கால்வாயிலுள்ள பாய்பொருள் தொடர்ந்து அசைதல் (4) செவிப்பறை அதிர்தல்

பகுதி 2 – அமைப்புக் கட்டுரை

ஒருவர் ஏணியின் உச்சிப் படியில் நின்று அண்ணாந்து மின்குமிழ் மாற்றுகிறார். கீழே நிற்பவர் அவரிடம் கடைக் கணக்குக் கேட்கிறார்.
(அ) இவரின் சமநிலையைக் குறைக்கும் காரணங்கள் மூன்றினைத் தருக. (3 புள்ளிகள்)
(ஆ) அண்ணாந்து பார்ப்பதால் உட்செவியில் நிகழ்வதை விளக்குக. (2 புள்ளிகள்)
(இ) கீழே நிற்பவர் செய்யவேண்டியது யாது? காரணம் தருக. (2 புள்ளிகள்)

விடைகள்

பகுதி 1: 1 – (2), 2 – (3), 3 – (2), 4 – (3)

பகுதி 2:
(அ) தாங்குதளம் ஒடுங்கியது, தலை அண்ணாந்துள்ளது, கணக்குக் கேட்கப்படுவதால் கவனம் பங்கிடப்படுகிறது.
(ஆ) பளிங்குகளைக் கொண்ட பைகள் வழக்கமான வீச்சுக்கு வெளியே செல்கின்றன. அதனால் தலையின் சிறு சாய்வு பற்றிய தகவலின் செம்மை குறைகிறது.
(இ) பேசாது ஏணியைப் பிடித்திருக்க வேண்டும். கவனம் அளவுக்குட்பட்டது ஆதலால், ஏணியில் நிற்பவரின் முழுக் கவனமும் சமநிலைக்கும் கைவேலைக்கும் கிடைக்கவேண்டும்.

பரீட்சைக் குறிப்பு: (ஆ) போன்ற வினாவுக்கு “சமநிலை குறையும்” என்று மட்டும் எழுதினால் போதாது. உட்செவியின் எப்பகுதி, என்ன நிகழ்கிறது, அதனால் விளைவு யாது என்ற ஒழுங்கில் எழுதுங்கள்.

மாணவர்களே, இப்பாடத்தை வாசித்து முடிக்கும்போது உங்கள் தலை எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். தாளை நோக்கி இறங்கியிருந்தால் புத்தகத்தைச் சற்று உயர்த்தி வைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குச் செல்லுங்கள்.